‘அ0’ என்ன டைப்? ஹாஸ்கலின் தெளிவற்ற டைப் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ஹாஸ்கல் நிரல்மொழியில் ஒரு வரிச் சார்பு இது:

மறுஉரை வரி = ஷோ (ரீட் வரி)

உரையை வாசித்து ஒரு மதிப்பாக மாற்று, அந்த மதிப்பைத் திரும்ப உரையாக்கு. உள்ளே போவது ஸ்ட்ரிங், வெளியே வருவதும் ஸ்ட்ரிங். ஆனாலும் ஜிஎச்சி கம்பைலர் இதை ஏற்காது. ‘அ0’ என்ற டைப் மாறி தெளிவாக இல்லை என்று சொல்லி நிறுத்திவிடும். நிரலில் நாம் அ0 என்று எங்குமே எழுதவில்லை. அது கம்பைலர் தானாக வைத்துக்கொண்ட தற்காலிகப் பெயர்.

கீழே வரும் நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லாததால் ஷோ என்ற சார்பும் ஷோ என்ற கிளாஸும் ஒன்று போலவே தெரியும். டைப், கிளாஸ் பெயர்கள் ஹாஸ்கலில் பெரிய எழுத்தில் தொடங்கும் என்பதை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

மேலே உள்ள வரியில் கம்பைலருக்கு டைப் கிடைக்காமல் போகவில்லை. கிடைத்தவை அதிகம். உரை "5" என்று வைத்துக்கொள்வோம். இன்ட் என்று வாசித்தால் விடை 5. டபிள் என்று வாசித்தால் 5.0. ஸ்ட்ரிங் என்று வாசித்தால் மேற்கோள் குறி இல்லாததால் ஓடும்போது விழும். டைப் சோதனையில் மூன்றும் தேறுகின்றன, ஆனால் மூன்றும் வெவ்வேறு நிரல்கள். எதை ஓட்டுவது என்பதுதான் கேள்வி.

ஹிண்ட்லி 1969-லும் மில்னர் 1978-லும் எழுதிய டைப் அனுமான முறையில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே டைப் என்பது சரிபார்ப்பதற்கு மட்டுமே. எந்த நிரல் ஓடும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. வாட்லரும் பிளாட்டும் 1989-இல் முன்வைத்த டைப் கிளாஸ்தான் நிலைமையை மாற்றியது: ஒரே பெயருள்ள சார்புக்கு ஒவ்வொரு டைப்புக்கும் தனி வரையறை எழுதலாம், அந்த வரையறைக்கு இன்ஸ்டன்ஸ் என்று பெயர். அதன் பிறகு டைப்பைப் பார்த்தே நிரல் தேர்வாகிறது. ஆகவே டைப் தெரியவில்லை என்றால் என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று பொருள். ரஸ்ட் மொழியில் பார்ஸ் என்ற மெத்தடை அழைத்துவிட்டு டைப் சொல்லாமல் விட்டால் கிடைப்பதும் இதே பிழைதான்.

பிழைச் செய்தி ரீட், ஷோ, மெம்ப்டி, டிகோட் போன்ற ஒரு பெயரைச் சுட்டுகிறது

அதிகம் தென்படுவது இந்த வடிவம்தான். ஜிஎச்சி 9.6 முதல் பிழைகளுக்கு எண் வருகிறது, இதற்கு 39999. இன்ஸ்டன்ஸ் இல்லை என்ற பிழைக்கும் அதே எண்தான். அதனால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இன்ஸ்டன்ஸ் எழுதக் கிளம்ப வேண்டாம்.

பார்க்க வேண்டியது ஒன்றே. ஏதோ ஒரு மதிப்பு ஓரிடத்தில் பிறந்து, வெளியே வராமலேயே இன்னோர் இடத்தில் விழுங்கப்பட்டிருக்கும். ரீட் அதைப் பிறப்பிக்கிறது, ஷோ விழுங்குகிறது. சார்பின் டைப்பில் அதன் தடயமே இல்லை. டைப்பை எழுத வேண்டிய இடம் பிறப்புக்கும் விழுங்கலுக்கும் நடுவில்:

மறுஉரை வரி = ஷோ (ரீட் வரி :: இன்ட்)

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, குறிப்பை வெளியே ஒட்டுவது:

மறுஉரை வரி = ஷோ (ரீட் வரி) :: ஸ்ட்ரிங்

இது எந்த மாற்றத்தையும் தராது. விடை ஸ்ட்ரிங் என்பது கம்பைலருக்கு முன்பே தெரியும். சார்புக்கு மேலே முழு டைப்பையும் எழுதினாலும் இதே கதைதான். "எல்லாவற்றுக்கும் டைப் எழுதிவிட்டேன், இன்னும் பிழை வருகிறது" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் வெளிச்சுவருக்குத்தான் வெள்ளையடித்திருப்பார்கள்.

ஜிஎச்சி 8.0 முதல் டைப்அப்ளிகேஷன்ஸ் என்ற மொழி நீட்சி இருக்கிறது. அதைக் கொண்டு ‘ரீட் @இன்ட் வரி’ என்று எழுதலாம். எனக்கு இதுவே பிடிக்கும். எந்தச் சார்புக்கு டைப்பைத் தருகிறோம் என்பது அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே தெரிகிறது. ஜேசான் வாசிக்கும் டிகோட், வெற்று மதிப்பான மெம்ப்டி, வெறும் நத்திங், வெறும் [] ஆகியவற்றுக்கும் மருந்து இதுவே. நிரலில் ‘பிரிண்ட் நத்திங்’ என்று எழுதினால்கூட இந்தப் பிழை வரும். எதன் நத்திங் என்று கேட்பது வீம்பு போலத் தோன்றலாம். ஆனால் அதை அச்சிட ஷோ இன்ஸ்டன்ஸ் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

இதோடு ஒட்டிய ஒரு புகார் உண்டு. நீங்களே அழகாக என்று ஒரு கிளாஸ் எழுதி, இன்ட்டுக்கு மட்டும் இன்ஸ்டன்ஸ் தருகிறீர்கள். அதன் சார்பை 5 என்ற எண்ணுக்குப் பயன்படுத்தினால் தெளிவில்லை என்று பிழை. பொருந்தக்கூடிய இன்ஸ்டன்ஸ் என்று பட்டியலில் காட்டுவதும் அந்த ஒன்றை மட்டுமே. ஒன்றுதானே இருக்கிறது, எடுத்துக்கொண்டால் என்ன? எடுக்காது, எடுக்கவும் கூடாது. நாளை வேறொரு மாட்யூலில் யாரோ இன்டிஜருக்கு இன்ஸ்டன்ஸ் எழுதினால், உங்கள் வரியைத் தொடாமலேயே அதன் பொருள் மாறிப்போகும். 5-க்குப் பக்கத்தில் ‘:: இன்ட்’ சேர்த்துவிட்டு நகருங்கள்.

ஜிஎச்சிஐ ஏற்கிறது, கம்பைலர் மறுக்கிறது

இதற்கு நேர்மாறான தோற்றமும் உண்டு. வரி வரியாகக் கொடுத்து உடனே ஓட்டிப் பார்க்கும் ஜிஎச்சிஐயில் ‘ரீட் "5"’ என்று கொடுத்தால் டைப் பிழை வராது. ஓடும்போது ‘நோ பார்ஸ்’ என்று விழும். 5-ஐ வாசிக்கத் தெரியாத மொழியா என்று முதல்முறை திகைத்தது நினைவிருக்கிறது.

காரணம் இதுதான்: ஊடாடும் வேலைக்கு வசதியாக ஜிஎச்சிஐ விரிவான இயல்புநிலை விதிகளைப் பின்பற்றுகிறது. டைப் தெரியாவிட்டால் முதலில் வெற்று ஜோடியான () டைப்பைப் போட்டுப் பார்க்கும். அதற்கு ரீட் உண்டு, ஷோ உண்டு, எனவே அதுவே நிற்கும். "5" என்ற உரையை () ஆக வாசிக்க முடியாதுதானே. ‘ரீட் "()"’ என்று கொடுத்துப் பாருங்கள், () என்று சமர்த்தாக விடை வரும். வெறும் ‘மேக்ஸ்பவுண்ட்’ என்று கொடுத்தாலும் () தான் வரும். அதே இரண்டையும் கோப்பில் வைத்து அச்சிடச் சொன்னால் கம்பைலர் நிறுத்திவிடும்.

அதனால் ஜிஎச்சிஐயில் ஓடியது என்பதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

பிழையே வரவில்லை, ஆனால் விடை தவறு. அல்லது திடீரென்று ‘நோ பார்ஸ்’

எனக்கு அதிகச் செலவு வைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எண்கள் சம்பந்தப்பட்டால் சாதாரண ஹாஸ்கலிலேயே இயல்புநிலை விதி உண்டு. தெளிவற்ற டைப் மாறியின் மேலுள்ள கிளாஸ்களில் ஒன்றாவது எண் கிளாஸாக இருந்து, எல்லாமே ஹாஸ்கலின் தர நூலகத்தைச் சேர்ந்தவையாகவும் இருந்தால், கம்பைலர் முதலில் இன்டிஜரைப் போட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் டபிளை. பொருந்திய முதல் டைப்பை வைத்துக்கொண்டு பேசாமல் போய்விடும்.

தினசரி மழையளவைக் கோப்பிலிருந்து வாசித்து ஒன்றைக் கூட்டி அச்சிடும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். அதன் சாரம்:

பிரிண்ட் (ரீட் வரி + 1)

ரீட், ஷோ, ‘நம்’ (நம்பர் என்பதன் சுருக்கம்) மூன்றும் தர நூலகக் கிளாஸ்கள். ‘நம்’ என்பது எண் கிளாஸ். ஆகவே இன்டிஜர். வரியில் 5 இருந்தால் 6 வரும். பல வாரங்கள் ஓடியது. ஒரு நாள் கோப்பில் 5.5 வந்தது, நிரல் ‘நோ பார்ஸ்’ என்று விழுந்தது. கோப்பில்தான் கோளாறு என்று நினைத்து வெள்ளை இடைவெளி, மறை எழுத்து என்று எதையெல்லாமோ தேடினேன். 1 என்பதை 1.0 என்று மாற்றியிருந்தால் போதும். ஃப்ராக்ஷனல் கிளாஸ் உள்ளே வந்து, இன்டிஜர் பொருந்தாமல், டபிள் தேர்வாகியிருக்கும். ஒரு புள்ளியும் ஒரு பூஜ்யமும் கோப்பை வாசிக்கும் முறையையே மாற்றிவிடுகின்றன! ஆனால் தீர்வு 1.0 அல்ல. ‘ரீட் @டபிள் வரி’ என்று எழுதுவதே தீர்வு. அதுவும் ரீடுக்குப் பதில் ரீட்மேபியைப் பயன்படுத்தினால், வாசிக்க முடியாத வரி நிரலைக் கொல்லாது.

தவறான விடையும் இதே வழியில் வரலாம். 2 ^ 64 என்பதை டைப் சொல்லாமல் அச்சிட்டால் இன்டிஜராகி 18446744073709551616 கிடைக்கும். 64 பிட் கணினியில் அதை இன்ட் என்று குறித்தால் விடை 0. சோதனைக்குத் தனியாக அச்சிட்டபோது சரியாக வந்த எண், நிரலுக்குள் இன்ட் எதிர்பார்க்கும் சார்புக்குப் போனதும் பூஜ்யமாவதன் பின்னணி இதுதான்.

கண்டுபிடிக்க டபிள்யூ-ஆல் தெரிவோடு கம்பைல் செய்யுங்கள். டைப்-டிஃபால்ட்ஸ் எச்சரிக்கை அதில் அடக்கம். எந்த வரியில் எந்த டைப்பைத் தானாகப் போட்டது என்று சொல்லிவிடும். ‘நீளம் ^ 2’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் அந்த 2-க்காக இது முனகும் என்பது உண்மை. அடுக்குக்குத் தனி டைப் மாறி இருப்பதால் அப்படி. ‘நீளம் * நீளம்’ என்று எழுதுங்கள், அல்லது 2-ஐ இன்ட் என்று குறியுங்கள். எச்சரிக்கையை அணைக்க வேண்டாம்.

இயல்புநிலை விதியே கைவிடும் இடமும் உண்டு: ‘பிரிண்ட் (ஃப்ரம்இன்டெக்ரல் மேக்ஸ்பவுண்ட்)’. உள்ளே இருக்கும் மதிப்புக்கு இன்டெக்ரலும் பவுண்டடும் வேண்டும். இன்டிஜருக்கு எல்லை கிடையாது, டபிள் முழு எண் அல்ல. இரண்டும் தோற்றுப் பிழை வரும். ‘மேக்ஸ்பவுண்ட் @இன்ட்’ என்றால் தீர்ந்தது.

கேட்ச், ட்ரை, ஹேண்டில்: ஈ0 தெளிவாக இல்லை

கேட்ச் (ரீட்ஃபைல் பெயர்) (\ஈ -> ரிட்டர்ன் "")

எந்தப் பிழை வந்தாலும் வெற்று உரை கொடு என்பது எழுதியவர் எண்ணம். கம்பைலர் கேட்பது: எந்த வகைப் பிழையை? எக்ஸெப்ஷன் கிளாஸுக்குள் எத்தனையோ டைப்புகள் வருகின்றன; ஈ-யின் டைப்பை வைத்தே பிடிப்பதா விடுவதா என்று முடிவாகிறது. 2008-இல் வந்த ஜிஎச்சி 6.10-இல்தான் எக்ஸெப்ஷன்கள் இப்படி விரித்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாறின. அதற்கு முந்தைய பாடங்களிலிருந்து படியெடுத்த நிரல் இன்று கம்பைல் ஆகாததற்கு இது ஒரு காரணம்.

கேட்ச் (ரீட்ஃபைல் பெயர்) (\(ஈ :: ஐஓஎக்ஸெப்ஷன்) -> ரிட்டர்ன் "")

இதற்கு ஸ்கோப்ட்டைப்வேரியபிள்ஸ் நீட்சி வேண்டும். நீட்சி வேண்டாம் என்றால் கையாளும் சார்பைத் தனியாகப் பெயரிட்டு டைப் எழுதிக்கொள்ளலாம். ட்ரை என்றால் விடையைக் குறிக்கலாம்: ‘ஐஓ (ஈதர் ஐஓஎக்ஸெப்ஷன் ஸ்ட்ரிங்)’.

தேடினால் கிடைக்கும் பல விடைகள் சம்எக்ஸெப்ஷன் என்று போடச் சொல்லும். பிழை அடங்கும், ஆனால் வேறு வினை வரும். கன்ட்ரோல்-சி அழுத்தும்போது வரும் குறுக்கீடும் ஒரு எக்ஸெப்ஷன்தான், அதையும் இது விழுங்கிவிடும். முடிவில்லாத சுற்றுக்குள் அப்படி எழுதிவிட்டு, நிறுத்த வழியில்லாமல் வேறு டெர்மினலிலிருந்து கொல்ல வேண்டியதாயிற்று எனக்கு. கம்பைலரின் வாயை மூடுவதற்காக டைப் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான். எதைப் பிடிக்க நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள்.

அளவுரு இல்லாத சார்பு: காட்டு = ஷோ

இதுவும் ஜிஎச்சிஐயில் ஓடும், கோப்பில் ஓடாது. ஆனால் காரணம் வேறு. சமனின் இடப்பக்கம் அளவுரு எதுவும் இல்லாமல், டைப்பும் எழுதாமல் ஒரு பெயரை வரையறுத்தால், கிளாஸ் நிபந்தனை உள்ள டைப் மாறியைப் பொதுவாக விட ஹாஸ்கல் சம்மதிக்காது. மோனோமார்ஃபிசம் கட்டுப்பாடு என்று பெயர். ஒரே மதிப்பு போலத் தோன்றும் பெயர், அழைக்கும் ஒவ்வொரு முறையும் ரகசியமாக மறுபடி கணக்கிடப்படக் கூடாது என்ற கவலையில் வந்த விதி. ஜிஎச்சி 7.8 முதல் ஜிஎச்சிஐயில் இது அணைக்கப்பட்டிருக்கிறது, கோப்புகளில் இல்லை.

ஷோ எண் கிளாஸ் அல்ல என்பதால் இங்கே பிழை நேரடியாகத் தெரிந்துவிடுகிறது. ‘கூட்டு = (+)’ என்று எழுதியிருந்தால் இன்னும் சங்கடம்: மாட்யூலுக்குள் யாரும் அதைப் பயன்படுத்தாவிட்டால் இன்டிஜராகச் சத்தமில்லாமல் உறைந்துவிடும். பிறகு வேறொரு மாட்யூலில் டபிள்களைக் கூட்டப் பயன்படுத்தும்போது, அங்கே இன்டிஜர் எதிர்பார்க்கப்படுகிறது என்று பிழை வரும். குற்றம் ஓரிடம், தண்டனை வேறிடம்.

‘காட்டு பொருள் = ஷோ பொருள்’ என்று அளவுரு சேர்த்தால் சரியாகும். அதைவிட நல்லது, மேலே ‘காட்டு :: ஷோ அ => அ -> ஸ்ட்ரிங்’ என்று எழுதிவிடுவது.

‘அ’ தெரியும், ‘அ1’ எங்கிருந்து வந்தது?

எண்களாக :: ரீட் அ => ஸ்ட்ரிங் -> [அ]
எண்களாக வரி =
  லெட் ஒன்று :: ஸ்ட்ரிங் -> அ
       ஒன்று = ரீட்
  இன் மேப் ஒன்று (வேர்ட்ஸ் வரி)

மேலே உள்ள அ-வும் உள்ளே உள்ள அ-வும் ஒன்று என்று கண் சொல்கிறது. கம்பைலருக்கு அவை இரு வேறு ஆட்கள். ஒரே பெயர் கொண்ட இரண்டு மாணவர்களை ஆசிரியர் எண் போட்டு அழைப்பது போல உள்ளே இருப்பதை அ1 என்கிறது. அதற்கு ரீட் இன்ஸ்டன்ஸ் இல்லை என்று புகார். வெளி டைப்பின் முன்னால் ‘ஃபார்ஆல் அ.’ என்று சேர்த்தால் உள்ளே உள்ளதும் அதே அ ஆகும்.

இதற்கும் ஸ்கோப்ட்டைப்வேரியபிள்ஸ் வேண்டும். ஜிஎச்சி 9.2 முதல் கட்டளை வரியில் நேரடியாகக் கம்பைல் செய்தால் அது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும், டைப்அப்ளிகேஷன்ஸும் அப்படியே. அதே கோப்பை, ஹாஸ்கல் திட்டங்களைக் கட்டும் கருவியான கபாலின் திட்டத்துக்குள் வைத்து, அங்கே இயல்பு மொழி ஹாஸ்கல் 2010 என்று எழுதியிருந்தால் இரண்டும் இருக்காது. தனியாக ஓடிய கோப்பு திட்டத்துக்குள் ஓடவில்லை என்றால் முதலில் அந்த ஒரு வரியைப் பாருங்கள். நீட்சி இருந்தாலும் ஃபார்ஆல் எழுதியே ஆக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சார்பை அழைக்கவே இல்லை, டைப் எழுதிய வரியிலேயே பிழை

ஒரு கிளாஸில் ‘பெயர் :: ஸ்ட்ரிங்’ என்று மெத்தட் வைத்தால், தெளிவுச் சோதனையில் தோற்றது என்று செய்தி வரும், அலவ்ஆம்பிகுவஸ்டைப்ஸ் நீட்சியைப் போடவும் சொல்லும். கிளாஸின் டைப் மாறியான அ என்பது மெத்தடின் டைப்பில் எங்குமே இல்லை. எந்த இன்ஸ்டன்ஸின் பெயர் என்று அழைப்பவர் சொல்லவே வழியில்லை என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது.

இதற்கு மூன்று தலைமுறை வைத்தியம் உண்டு. நினைவக அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் சார்பு பழைய வழி: மதிப்பைப் பார்க்காது, டைப்பைத் தெரிந்துகொள்ள மட்டும் ஒன்றை வாங்கும். ‘சைஸ்ஆஃப் (அன்டிஃபைன்ட் :: இன்ட்)’ என்று கொடுத்தால் 64 பிட் கணினியில் 8 வரும். தொட்டால் வெடிக்கும் மதிப்பைக் கையில் கொடுத்து, தொடாதே என்று சொல்லும் ஏற்பாடு. அடுத்து ப்ராக்ஸி: டைப்பை மட்டும் சுமக்கும், உள்ளே ஒன்றும் இல்லாத பாதுகாப்பான மதிப்பு. மூன்றாவது, கம்பைலர் சொல்லும் நீட்சியைப் போட்டுவிட்டு ‘பெயர் @இன்ட்’ என்று அழைப்பது.

மூன்றாவதே சுத்தமானது. ஆனால் கம்பைலர் சொன்னது என்பதற்காக மட்டும் அந்த நீட்சியைப் போடாதீர்கள். அது பிழையைத் தீர்ப்பதில்லை, அழைக்கும் இடத்துக்குத் தள்ளிவைக்கிறது. அழைப்பவர் @ போட்டு டைப் சொல்லப்போகிறார் என்று தெரிந்தால் போடுங்கள். இல்லையென்றால் டைப்பை எழுதும்போது ஓர் அளவுருவை மறந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

சில்லறைகள்

‘லெங்த் பட்டியல் / 2’: இன்ட்டுக்கு ஃப்ராக்ஷனல் இன்ஸ்டன்ஸ் இல்லை என்று வரும். இங்கே டைப் தெளிவாகவே இருக்கிறது, பொருந்தவில்லை. லெங்த்தை ஃப்ரம்இன்டெக்ரலுக்குள் போடுங்கள்.

ஓவர்லோடட்ஸ்ட்ரிங்ஸ் நீட்சியைப் போட்ட பிறகு ‘லெங்த் "அம்மா"’ தெளிவில்லை என்கிறது: மேற்கோளுக்குள் உள்ளது இனி ஸ்ட்ரிங்தான் என்ற உறுதி இல்லை, 2015-இல் வந்த ஜிஎச்சி 7.10 முதல் லெங்த்தும் பட்டியலுக்கு மட்டும் உரியதல்ல. இரண்டு பக்கமும் தளர்ந்துவிட்டால் நடுவில் பிடிக்க ஒன்றும் இருக்காது. ‘:: ஸ்ட்ரிங்’ சேர்க்கவும்.

ஒரு டைப்பிலிருந்து இன்னொரு டைப்பைக் கணக்கிடும் டைப் ஃபேமிலி பயன்படுத்தும்போது ‘இன்ஜெக்டிவ் அல்ல’ என்ற குறிப்போடு பிழை வந்தால்: விடையிலிருந்து மூல டைப்பைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது என்று பொருள். அழைக்கும் இடத்தில் @ போட்டு மூலத்தைச் சொல்லுங்கள்.

எதிலும் அடங்கவில்லை

சந்தேகப்படும் துணுக்கை அழித்துவிட்டு அங்கே ஓர் அடிக்கோடு வையுங்கள். முதல் எடுத்துக்காட்டில் என்றால் ‘ஷோ _’. அந்தக் குழியில் என்ன டைப் வர வேண்டும் என்று கம்பைலரே சொல்லும். ‘_ :: அ0’ என்றும், அ0 தெளிவற்றது என்றும் வந்தால், அந்த இடத்தை வெளியிலிருந்து எதுவும் கட்டுப்படுத்தவில்லை, குறிப்பை அங்கேயே வைக்கலாம். ‘_ :: இன்ட்’ என்று வந்தால் அந்த இடம் சுத்தம். அடிக்கோட்டை இன்னொரு துணுக்குக்கு நகர்த்துங்கள். நீளமான வரியென்றால் நடுவிலிருந்து தொடங்குங்கள், மூன்று நான்கு நகர்த்தலில் அ0 பிறக்கும் இடம் அகப்பட்டுவிடும்.